கட்டாக்கில் கண்ட கம்பி, சேலத்தில் செய்த தோடு

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் வெள்ளி என்பது நகைக்கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் இருக்கும் பொருள் அன்று. ஒரு வீட்டில் உருக்கிய கட்டி அடுத்த வீட்டில் கம்பியாக இழுபடும். அந்தக் கம்பி வேறொரு வீட்டில் வளையங்களாக வெட்டப்பட்டு, இன்னொரு வீட்டில் கோக்கப்பட்டு, பற்றவைக்கும் பொடி (குறைந்த சூட்டில் உருகி இணைக்கும் வெள்ளிக் கலவை) போட்டு ஊதப்பட்டு, மெருகேறிக் கொலுசாக வெளியே வரும். இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்தும், அந்தக் கம்பியை என் கையால் வளைத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது ஒடிசாவின் கட்டாக் நகருக்குப் போய் வந்த பிறகுதான். கணக்கு எழுதும் வேலையிலிருந்து நகை செய்யும் வேலைக்கு நான் நகர்ந்ததற்கு அந்தப் பயணமே காரணம். அங்கு கண்ட முறையைப் பின்பற்றி, மாங்காய் வடிவத்தில் ஒரு சோடி வெள்ளிக் கம்பித் தோடுகளை வீட்டு மேசையில் செய்து முடித்த விவரத்தை, கருவியும் அளவும் காரணமும் விடாமல் இங்கே எழுதுகிறேன்.

புரி சகந்நாதரையும் கோணார்க்கையும் பார்ப்பதற்காகவே ஒடிசா சென்றோம். டிசம்பர் முதல் வாரத்தில் கோணார்க்கில் நடைபெறும் நடன விழாவும் எங்கள் திட்டத்தில் இருந்தது. ஒடிசி ஆடும் பெண்கள் தலை முதல் இடை வரை வெள்ளியே அணிகிறார்கள் என்பது மேடையருகே உட்கார்ந்தபோதுதான் கண்ணில் உறைத்தது. பரதநாட்டியத்தின் பொன்னிறத்துக்கும் சிவப்புக் கல்லுக்கும் பழகிய கண்ணுக்கு, விளக்கொளி ஊடுருவிச் செல்லும் அந்த வெண்ணிற நகைகள் முற்றிலும் புதியவை. இவை எங்கே செய்யப்படுகின்றன என்று விசாரித்தபோது எல்லோரும் கட்டாக்கையே சொன்னார்கள். மகாநதிக்கும் அதன் கிளையாகிய காட்டஜோடிக்கும் நடுவே கிடக்கும் பழைய நகரம் அது. சென்னையிலிருந்து வடக்கே செல்லும் கோரமண்டல் விரைவு வண்டி நிற்கும் நிலையமும்கூட. அங்கு வெள்ளிக் கம்பி வேலைக்குத் தாரகசி என்று பெயர். துர்கா பூசையின்போது அம்மன் சிலைக்குப் பின்னால் சுவர்போல எழுப்பும் பெரிய வெள்ளித் திருவாசியும் இதே கம்பி வேலைதான் என்பதை அறிந்தபோது, காதளவு நகைக்கும் ஆளுயர அலங்காரத்துக்கும் ஒரே முறை பயன்படுவதை நம்பச் சற்று நேரம் பிடித்தது. கட்டாக் தாரகசிக்கு 2024ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

பாலு பஜாரை அடுத்த ஒரு சந்தில், அனுமதி கேட்டு ஒரு பட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன். தொழிலாளி, தடித்த கம்பியால் வளைத்த ஒரு இலைச் சட்டத்துக்குள், தட்டையாக்கிய மெல்லிய கம்பியைச் சாமணத்தால் சுருட்டிச் சுருட்டி அடைத்துக்கொண்டே இருந்தார். சட்டம் நிறைந்ததும் அதை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து லேசாகத் தட்டினார். ஒரு சுருள்கூட விழவில்லை. அப்போது அதில் பொடி ஓட உதவும் வெங்காரமும் இல்லை, பொடியும் இல்லை, நெருப்பும் பட்டிருக்கவில்லை. கம்பிகள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளும் இறுக்கத்தினாலேயே நின்றன. நம் ஊர்க் கொலுசில் வளையங்களைக் கோத்துவிட்டு, பிடிப்பைப் பொடியிடம் ஒப்படைக்கிறோம். தாரகசியில் பிடிப்பு முதலிலேயே வந்துவிடுகிறது. பற்றவைப்பது அதை உறுதிப்படுத்துவதற்கு மட்டுமே. இதைப் புரிந்துகொண்ட பிறகு மற்ற எல்லாப் படிகளும் இதிலிருந்தே தாமாகக் கிளைப்பதைக் கண்டேன்.

ஊர் திரும்பியதும் முதலில் தேவைப்பட்டது கம்பி. சேலத்தில் அது கடினமன்று என்றாலும், நான் கேட்ட அளவு அங்குப் பழக்கமானதன்று. கம்பி இழுக்கும் பெரியவர், "இத்தனை சன்னமா இழுத்து என்னம்மா பண்ணப் போறீங்க, கொலுசுக்கு நிக்காதுங்களே?" என்று கேட்டுக்கொண்டே இழுத்துக் கொடுத்தார். சட்டத்துக்கு 925 தரத்தில் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) 1 மி.மீ. கம்பி, உட்பிரிவுகளுக்கு அதே தரத்தில் 0.7 மி.மீ.; நிரப்புவதற்கு 999 தரத்தில் 0.3 மி.மீ. கம்பி.

இரண்டு தரம் ஏன் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 925 வெள்ளியில் மீதி பெரும்பாலும் செம்பு. அதனால் அது விறைப்பாக நிற்கும், சட்டத்துக்குப் பொருந்தும். ஆனால் அது ஏறத்தாழ 800 பாகை செல்சியசில் இளகத் தொடங்கி 890 பாகையை ஒட்டி முழுதாக உருகிவிடும். நான் பயன்படுத்தும் பொடியோ 700க்கும் 750க்கும் இடையில் ஓடும். இடைவெளி 50 பாகையளவுதான். ஊதுகுழல் கையில் இருக்கும்போது அந்த இடைவெளி ஓரிரு நொடிகளில் கடந்துபோகும். மெல்லிய கம்பிதான் முதலில் சூடேறும் என்பதால் ஆபத்து முழுவதும் அதற்கே. தூய வெள்ளி 962 பாகை வரை உருகாது; அதனால் நிரப்புக் கம்பிக்கு அதைப் பயன்படுத்தினால் 200 பாகைக்கு மேற்பட்ட பாதுகாப்பு கிடைக்கிறது. செம்பு இல்லாததால் நெருப்பில் கறுப்பதும் இல்லை. சுருள்களின் இடுக்கில் படியும் கறுப்பை எந்தத் தூரிகையாலும் எட்ட முடியாது என்பதை நினைத்தால் இதுவும் சிறிய நன்மையன்று.

அளவுக் கணக்கும் எளிது. தூய வெள்ளியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம். 0.3 மி.மீ. கம்பியாக இழுத்தால் ஒரு கிராம் ஏறத்தாழ 1.35 மீட்டர் நீளும். 30 மி.மீ. உயரமும் 18 மி.மீ. அகலமும் கொண்ட ஒரு மாங்காயை நிரப்ப முறுக்கிய இரட்டைக் கம்பி 65 செ.மீ. அளவுக்குத் தேவைப்படும், முறுக்கினால் நீளம் குறையும் என்பதையும் சேர்த்து, இரண்டு தோட்டுக்கும் 3.5 மீட்டர் ஒற்றைக் கம்பி எடுத்துக்கொண்டேன். அது 2.6 கிராம்தான்.

அந்தக் கம்பியை இரண்டாக மடித்து, மடிப்பைச் சுவரில் அறைந்த கொக்கியில் மாட்டி, இரு முனைகளையும் கைத்துளைப்பானின் வாயில் இறுக்கிச் சுற்றினேன். சுற்றும்போது கம்பியை இழுவையில் வைத்திருக்க வேண்டும். தளர்ந்தால் ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் விலகியும் முறுக்கு விழும், அந்த வேறுபாடு முடிந்த நகையில் கண்ணுக்குத் தெரியும். பாதி முறுக்கியதும் கம்பி விறைத்துவிடுகிறது. அப்போது அதைச் சிறு வளையமாகச் சுருட்டி, சுருள் பிரியாதபடி அதே கம்பியின் முனையால் கட்டி, கரித்துண்டின்மேல் வைத்து மென்மையான சுடரால் மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டேன். மங்கிய சிவப்பு பகல் வெளிச்சத்தில் தெரியாது. சன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கிக்கொள்வது நல்லது. பிறகு மீண்டும் முறுக்கி, முறுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் நிலையில் நிறுத்தினேன்.

அடுத்தது தட்டையாக்குதல். இதற்குக் கைப்பிடி சுற்றும் சிறிய உருளை இயந்திரம் வேண்டும். நான் வாங்கவில்லை, எங்கள் தெருவிலேயே கொலுசுப் பட்டறையில் இருக்கிறது, ஒரு தேநீர் நேரத்துக்குக் கேட்டால் தருவார்கள். முறுக்கிய கம்பியை ஏறத்தாழ 0.3 மி.மீ. கனத்துக்கு உருட்டியபோது, அது மெல்லிய நாடாவாகி, அதன் இரு விளிம்புகளிலும் முறுக்கின் மேடுகள் கடுகு கோத்தாற்போல் வரிசையாக நின்றன. தாரகசியின் மினுமினுப்புக்கு இந்த விளிம்பே காரணம். நாடாவைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைத்துச் சட்டத்துக்குள் அடைப்பதால், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது நாடாவின் முகமன்று, விளிம்பு. ஒவ்வொரு மேடும் ஒளியைத் தனியே பிடித்துத் திருப்புகிறது. வழவழப்பான ஒற்றைக் கம்பியை அதே வடிவத்தில் வளைத்து அருகே வைத்துப் பார்த்தேன். வடிவம் ஒன்றே ஆனாலும் அது வெறும் கம்பியாகவே இருந்தது. கோணார்க் மேடையில் கண்ட வெண்மைக்கும் இதற்கும் தொடர்பு என்ன என்பது அந்த ஒப்பீட்டில் விளங்கியது.

சட்டக் கம்பியையும் சற்றே உருட்டி 0.8 மி.மீ. கனத்துக்குக் கொண்டுவந்து, நிமிர்த்தி வைத்து மாங்காயாக வளைத்தேன். சட்டம் நிரப்பைவிடச் சற்று உயரமாக இருக்க வேண்டும். அணியும்போதும் துடைக்கும்போதும் உராய்வைச் சட்டம் வாங்கிக்கொள்ளும், சுருள்கள் தப்பும். முனைகள் சேரும் இடத்தை அரத்தால் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஒளிக்கீற்று ஊடே வராத அளவுக்குப் பொருத்தினேன். இந்த ஒரு இணைப்பை மட்டும் முதலிலேயே பற்றவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் சுருள்கள் தள்ளும் அழுத்தத்தில் சட்டமே விரிந்துகொள்ளும். உட்பிரிவுக்கு 0.7 மி.மீ. கம்பியில் ஒரு நீண்ட வளைவும் அதன் இருபுறமும் நான்கு சிறு இதழ்களும் வளைத்து உள்ளே பொருத்தினேன். அறைகள் பெரிதாக இருந்தால் நிரப்புக் கம்பி தொய்யும், 5 மி.மீ. அகலத்துக்கு மேல் எந்த அறையையும் விடாமல் இருப்பது நலம் என்பது என் அனுபவம்.

இனி நிரப்புதல். முழு வேலையில் பாதிக்கு மேற்பட்ட நேரம் இங்கேதான் செல்கிறது, செல்லவும் வேண்டும். நாடாவின் முனையைக் கூர்மையான சாமணத்தின் நுனியில் பிடித்துச் சுருட்டத் தொடங்கி, அறையின் அகலத்தைவிடச் சிறிது குறைவான சுருள் ஆனதும் வெட்டி, இறுக்கிப் பிடித்தபடி அறைக்குள் இறக்கி விட்டுவிட வேண்டும். பிடியை விட்டவுடன் சுருள் தானே விரிந்து சுவர்களை முட்டி நிற்கும். அளவு சரியா என்பதற்கு அளவுகோல் தேவையில்லை: ஊசி முனையால் மேலிருந்து அழுத்தினால் வழுக்கிக் கீழே போனால் அது சிறியது, உள்ளே இறங்க மறுத்து நடுவில் புடைத்தால் பெரியது. இதழ்களுக்கு இரட்டைச் சுருளும், நீண்ட வளைவின் இடுக்குக்கு நெளிநெளியாக மடித்த நாடாவும் வைத்தேன். நெளிவுகளை ஒரே அளவில் மடிக்கக் கட்டாக்கில் அவர்கள் கண்ணையும் விரல் பழக்கத்தையும் மட்டுமே நம்புகிறார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லாததால், ஒரு மரக்கட்டையில் 1.5 மி.மீ. இடைவெளி விட்டு இரண்டு வரிசை ஊசிகளை அறைந்து அவற்றினூடே வளைத்து எடுத்தேன். தேர்ந்தவர்கள் சிரிக்கலாம், ஆனால் நெளிவு ஒழுங்காக வந்தது.

நிரப்பி முடித்ததும், கட்டாக்கில் பார்த்தபடியே கவிழ்த்துத் தட்டினேன். விழுந்த சுருள்களுக்குப் பதிலாகச் சற்றுப் பெரியவற்றைச் சுருட்டி வைத்து மறுபடியும் தட்டினேன். எதுவும் விழாத நிலையில்தான் நெருப்பைத் தொட்டேன். இந்தச் சோதனையைச் சோம்பலால் தவிர்க்கத் தோன்றும். ஆனால் தளர்ந்த சுருளின்மேல் பொடி ஓடும்போது, அது சுவருக்கும் கம்பிக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத் தாண்டிப் பாலம் கட்டாது. கம்பியின்மேலேயே படர்ந்து முறுக்கின் மேடுகளை மூடிவிடும். மூடிய இடத்தை மீட்க வழியில்லை. இறுக்கமாக இருந்தால் பொடி தொடும் இடங்களில் மட்டும் தேங்கி, மேடுகளை அப்படியே விட்டுவிடுகிறது.

வெங்காரத்தைப் பொரித்துப் பயன்படுத்துவது மிக முக்கியம். பச்சை வெங்காரத்தில் நீர் அடங்கியிருப்பதால் சூடு பட்டவுடன் நுரைத்துப் பொங்கும். கொலுசு வளையத்தில் அது பொருட்டில்லை, ஆனால் இங்கே பொங்கும் வேகத்தில் சுருளையே தூக்கிவிடும். சட்டியில் இட்டுப் பொங்கி அடங்கும்வரை பொரித்து, ஆறியபின் நுணுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பொடிக்கான வெள்ளிக் கலப்பு உலோகத்தை அரத்தால் சன்னமாக உரசி எடுத்து, அரத்திலிருந்து உதிர்ந்த இரும்புத் துகளைக் காந்தத்தால் நீக்கி, இந்தப் பொரித்த வெங்காரத்துடன் கலந்தேன். பொடி வாங்கும்போது காட்மியம் இல்லாததா என்று கேட்டு வாங்குவது அவசியம். கேடிஎம் என்ற பெயரில் பொன் வேலையில் ஒரு காலத்தில் பரவியிருந்த அதே காட்மியம்தான். அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும், வீட்டுக்குள் வேலை செய்பவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

தோட்டைத் தண்ணீரில் நனைத்து, கம்பி வலைத் தாங்கியின்மேல் வைத்து, கலவையைச் சன்னமாகத் தூவினேன். சுடரை நேரே நகைமேல் காட்டாமல், முதலில் சுற்றிலும் வட்டமாக ஓட்டி ஈரம் உலரவிட்டேன். பிறகு வலைக்குக் கீழிருந்து சூடேற்றினேன். இப்படிச் செய்தால் தடித்த சட்டமும் மெல்லிய சுருளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சூடேறும். பொடி எப்போதும் சூடு அதிகமுள்ள பக்கத்துக்கே ஓடும் என்பதால், சுடரைச் சட்டத்தின் பக்கமே அதிகம் வைத்திருக்க வேண்டும். வெங்காரம் கண்ணாடிபோல் தெளிந்த சில நொடிகளில் பொடி பளிச்சென்று ஒரு கோடாக ஓடியது. அந்தக் கணமே சுடரை விலக்கிவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம்" என்ற எண்ணத்துக்கு இந்த வேலையில் இடமில்லை.

ஆறிய தோட்டை, எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த வெந்நீரில் இட்டு வெங்காரக் கண்ணாடியையும் கறுப்பையும் நீக்கினேன். இந்தக் கரைசலில் இரும்புச் சாமணத்தை விடக் கூடாது. விட்டால் கரைந்திருக்கும் செம்பு வெள்ளியின்மேல் செந்நிறமாகப் படியும். பழைய பொற்கொல்லர்கள் புளித் தண்ணீரையும் படிகாரத்தையும் பயன்படுத்துவார்கள். அவையும் வேலை செய்யும், நேரம் மட்டும் கூடுதல். கழுவியபின் பூந்திக்கொட்டை ஊறவைத்த நீரில் பித்தளைத் தூரிகையால் தேய்த்தேன். கட்டாக்கிலும் பூந்திக்கொட்டைதான். மீண்டும் சூடாக்கி அமிலத்தில் இடுவதை மேலும் சில முறை செய்தால், 925 சட்டத்தின் மேற்பரப்பிலுள்ள செம்பு குறைந்து தூய வெள்ளியின் மங்கலான வெண்மை வருகிறது; உள்ளே 999 கம்பியின் நிறத்தோடு அது பொருந்திவிடுகிறது. கடைசியாகச் சட்டத்தின் மேல் விளிம்பை மட்டும் வழவழப்பான எஃகுக் கோலால் அழுத்தித் தேய்த்தேன். நடுவில் மங்கலும் ஓரத்தில் பளபளப்பும் ஆகிய இந்த வேறுபாடு இல்லாவிட்டால் கம்பி வேலை தூரத்தில் சாம்பல் திட்டாகத் தெரியும். இயந்திரத்தில் மொத்தமாகப் பாலிஷ் போடக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை.

அலங்காரக் குண்டுகளைப் பற்றி ஒரு சொல். கம்பித் துண்டைக் கரியின்மேல் உருக்கினால் அது தானே உருண்டையாகிவிடும். 0.5 மி.மீ. கம்பியை 4.6 மி.மீ. நீளத்துக்கு வெட்டினால் 1.2 மி.மீ. குறுக்களவுள்ள குண்டு கிடைக்கும். நீளம் ஒன்றாக இருந்தால் குண்டும் ஒன்றாக இருக்கும். சுருள்களின் மையங்களிலும் இதழ்கள் சேரும் முனையிலும் இவற்றை வைத்து, இன்னும் குறைந்த சூட்டில் ஓடும் வேறொரு பொடியால் பற்றவைத்தேன். அதன்பின் மரக்கட்டையில் குடைந்த ஆழமற்ற குழியில் தோட்டை வைத்து, மர உருண்டையால் மெதுவாக அழுத்திச் சிறு குவிவு கொடுத்தேன். தட்டையாக இருந்தபோது வளைந்துகொடுத்த தோடு, குவிந்ததும் விறைத்துவிட்டது. கொக்கியும் வளையமும் 925 கம்பியில் செய்தேன்.

இரண்டும் சேர்ந்து 5 கிராமுக்குள் நின்றன. சட்டம், நிரப்பு, பொடி மூன்றையும் எடைவாரியாகக் கணக்கிட்டால் மொத்தத் தரம் 925க்குக் கீழே இறங்கவில்லை; நிரப்பு 999 ஆக இருப்பதால் பொடியின் குறைவை அது ஈடுசெய்கிறது. விலையில்தான் சிக்கல். நம் ஊரில் வெள்ளி என்றால் எடை, செய்கூலி, சேதாரம் என்றே கேட்கப் பழகியிருக்கிறோம். 5 கிராம் வெள்ளிக்கு எடையின்மேல் எத்தனை சதவீதம் கூலி போட்டாலும் சுருட்டிய நேரத்துக்கு ஈடாகாது. அதனால் நான் எடையைத் தனியே எழுதி, வேலை நேரத்துக்கு ஒரு தொகையைத் தனியே எழுதிக் கொடுக்கிறேன். சிலர் பேரம் பேசாமல் போய்விடுகிறார்கள்; நடனம் ஆடுபவர்கள் பெரும்பாலும் புரிந்துகொண்டு வாங்குகிறார்கள், காது வலிக்காத எடை என்பதே அவர்களுக்குப் பெரிய காரணமாக இருக்கிறது.

வாங்குபவர்களிடம் நான் சொல்லும் பராமரிப்பு இவ்வளவே: பற்பசையாலோ திருநீற்றாலோ தேய்க்க வேண்டாம், துகள் சுருள்களுக்குள் சிக்கிக்கொள்ளும், பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்து மென்மையான தூரிகையால் கழுவி, துணியால் ஒற்றி, காற்றில் உலரவிட வேண்டும். ரப்பர் வளையத்தோடு சேர்த்து வைத்தால் அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். காற்றுப் புகாத சிறு பையில் தனியே வைப்பது போதும்.

அடுத்து ஒரு சோடி ஜிமிக்கி செய்யத் தொடங்கியிருக்கிறேன். குடை வடிவத்தை ஒரே துண்டாக நிரப்ப முடியாது. ஆறு இதழ்களைத் தட்டையாகச் செய்து நிரப்பி, ஒவ்வொன்றையும் குவித்தபின் ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். இதழ்களின் பக்க விளிம்புகளை எந்தச் சாய்வில் அராவினால் ஆறும் இடைவெளியின்றிச் சேரும் என்பதை முதலில் செம்புத் தகட்டில் வெட்டிச் சோதித்து வருகிறேன். சாய்வு உறுதியானதும் வெள்ளிச் சட்டங்களை வளைக்கத் தொடங்குவேன்.